காற்றே சுக்கான் பிடிக்க: வாசகர் கேள்வி-பதில்

தொண்டியில் 30 அடி பாய்மரப் படகு நிற்கிறது. சுக்கானை டில்லர் கட்டையால்தான் திருப்புகிறேன். காற்றின் திசையைப் பார்த்துத் தானே சுக்கான் பிடிக்கும் காற்றுச் சுக்கானியில் எந்த வகை பொருந்தும்? (தேவகோட்டை)

டில்லர் என்றால் சர்வோ பெண்டுலம் வகைதான். மேலே நிற்கும் தகட்டைக் காற்று சாய்க்கும். அந்தச் சாய்வு தண்ணீருக்குள் இருக்கும் துடுப்பை லேசாகத் திருகும். உடனே ஓடும் தண்ணீர் துடுப்பைப் பக்கவாட்டில் தள்ள, இரண்டு கயிறுகள் டில்லரை இழுக்கும். தகடு சைகைதான் காட்டுகிறது, பலம் தண்ணீருடையது. 1960 அட்லாண்டிக் தனியாள் பந்தயத்தில் வென்ற பிரான்சிஸ் சிசெஸ்டர் படகில் தகடே டில்லரை இழுத்தது. அதற்கு ஒரு சிறு பாய் அளவுக்குத் தகடு தேவைப்பட்டது.

எண்ணெய் அழுத்தத்தில் சுக்கானைத் திருப்பும் ஹைட்ராலிக் சக்கரம் உள்ள படகென்றால் தனிச் சுக்கானோடு வரும் ஹைட்ரோவேன் போன்றதைச் சொல்லியிருப்பேன்.

பாக் நீரிணையில் ஆழம் குறைவு, வலையும் அதிகம். துடுப்பு எதிலாவது மாட்டினால் முதலில் ஒடிவதற்கென்றே ஒரு மெல்லிய குழாய் இருக்கும். உதிரியாக இரண்டு வாங்கி வையுங்கள். துடுப்பைப் படகோடு ஒரு கயிற்றால் கட்டுங்கள். ஒடிந்தாலும் கைக்கு வரும்.

பழைய வீட்டைப் பிரித்த பர்மா தேக்கு இருக்கிறது. தகடு செய்யலாமா? (காரைக்குடி)

வேண்டாம், கனம். மெல்லிய காற்றுக்கு அசையவே அசையாது. 4 முதல் 6 மி.மீ. மரைன் பிளைவுட் போதும். காற்றே இல்லாத நேரத்தில் தகட்டைப் பக்கவாட்டில் படுக்க வைத்து விடுங்கள். மெதுவாக எழுந்து நின்றால் தகட்டுக்குக் கீழே இருக்கும் எதிர் எடை சரி. வெடுக்கென்று எழுந்தால் எடை அதிகம், படுத்தே கிடந்தால் குறைவு.

அந்தத் தேக்கை வீணாக்காதீர்கள். படகின் பின்பலகையில் கருவியைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளுக்கு உள்பக்கம் தாங்கு கட்டையாக அருமையாக உழைக்கும். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. எபாக்ஸி ஒட்டுமுன் அசிட்டோனால் துடையுங்கள்.

போல்ட் வழியே தண்ணீர் கசிகிறது. (புதுவயல்)

பின்பலகையின் நடுவில் பால்சா என்ற லேசான மரமோ பிளைவுட்டோ இருந்தால் அது ஊறிக்கொண்டிருக்கிறது, தள்ளிப்போடாதீர்கள். 10 மி.மீ. போல்ட்டுக்கு 16 மி.மீ. துளை போட்டு, ஈரம் முழுக்கக் காய்ந்தபின் கெட்டியான எபாக்ஸியால் நிரப்புங்கள். ஒரு நாள் கழித்து நடுவில் 10 மி.மீ. துளையிடுங்கள். வெளிவாயைச் சற்றுச் சரிவாகச் சீவினால் சீலண்ட் வளையம்போல் உட்காரும். முதலில் லேசாக முடுக்கி, சீலண்ட் இறுகியபின் முழுதாக முடுக்குங்கள். 316 ஸ்டெயின்லெஸ் போல்ட்டே போடுங்கள். அலுமினியத்தோடு சேரும் இடத்தில் தடுப்புப் பசை தடவாவிட்டால் உப்புநீரில் அலுமினியம் வெள்ளையாகப் பொரிந்துவிடும்.

பின்காற்றில் படகு பாம்புபோல் வளைந்து ஓடுகிறதே? (கானாடுகாத்தான்)

பின்னால் 10 நாட் (மணிக்கு 10 கடல் மைல்) காற்று, படகு 5 நாட் வேகம் என்றால் தகட்டுக்குக் கிடைப்பது 5 நாட்தான். அந்தச் சொற்ப பலத்தைக் கயிறும் கப்பியும் தின்றுவிடும். நீளாத 6 மி.மீ. பாலியெஸ்டர் கயிறு, பெரிய கப்பிகள், குறைந்த திருப்பங்கள்: இதைச் சரிபாருங்கள். டில்லரில் தொய்வு இருக்கவே கூடாது. அச்சு சுழலும் பிளாஸ்டிக் புஷ்ஷில் கிரீஸ் தடவியிருந்தால் துடைத்தெடுங்கள். உப்பும் மணலும் அதில்தான் ஒட்டும். நல்ல தண்ணீரில் கழுவினாலே போதும்.

பெரும்பாலும் குற்றம் பாயில் இருக்கும். கருவியைக் கழற்றி, டில்லரை இரண்டு விரலால் பிடித்துப் பாருங்கள். பிடிக்க முடியவில்லையா? பெரிய பாயைச் சுருக்குங்கள். மனிதக் கைக்கே அடங்காத படகைத் தகட்டிடம் ஒப்படைக்க முடியாது.

இன்ஜின் ஓடும்போது? (பள்ளத்தூர்)

காற்று குறைவான நேரத்தில்தான் இன்ஜின் போடுவோம். அப்போது தகட்டில் படுவது படகின் வேகம் கிளப்பும் எதிர்க்காற்றே, அதை நம்பித் திசை பிடிக்க முடியாது. டில்லரில், அதைத் தானே திருப்பும் ஒரு சிறு மின் பைலட் பூட்டுங்கள். எதுவானாலும் காவல் பார்க்க ஆள் வேண்டும். தகடு காற்றைத்தான் பின்தொடரும். கொண்டல் (கீழைக்காற்று) திரும்பினால் படகும் சத்தமில்லாமல் திரும்பிவிடும்.