பதில்: முதுகுவலி என்று அழுதே இரவு ஷிஃப்டை என் தலையில் கட்டுகிறார்

உங்களோடு வேலை செய்யும் அந்த அண்ணன் அடுத்த முறை முதுகுவலி என்று கண்ணைக் கசக்கி, தன் இரவு ஷிஃப்டைப் பார்க்கச் சொன்னால், "கஷ்டம்தான் அண்ணா, மாற்று ஆளை சூப்பர்வைசரிடம் கேளுங்கள்" என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிடுங்கள். காரணம் சொல்லாதீர்கள். சொன்னால் அதையே பிடித்துக்கொண்டு பேரம் பேசுவார்.

கோத்தகிரி தேயிலை ஃபேக்டரியில் இலை வாட்டும் இரவு ஷிஃப்ட் ஒரு மாதமாக உங்களுக்கே விழுகிறது என்றால், அவர் அழுகை பாதிக் காரணம்தான். மீதி, உங்கள் "சரி, நான் பார்த்துக்கொள்கிறேன்". 1968-ல் ஸ்டீபன் கார்ப்மன் என்ற மனநல மருத்துவர் இதை முக்கோணமாகச் சொன்னார்: பாதிக்கப்பட்டவர், காப்பாற்றுபவர், கொடுமைக்காரர். இதுவரை நீங்கள் காப்பாற்றுபவர். மறுத்த அன்றே மூன்றாவது மூலைக்குத் தள்ளப்படுவீர்கள். டீ நேரத்தில் "கல்நெஞ்சக்காரன்" என்று காதில் விழும். விழட்டும். (எனக்கும் இப்படி ஒருவர் இருந்தார். அந்தப் பேச்சை நான்கு நாள் காதில் வாங்கினேன், ஐந்தாம் நாள் அவர் வேறு ஆளைப் பிடித்துவிட்டார்.)

ஒன்று செய்து பாருங்கள். "ஷிஃப்ட் மாற்ற முடியாது, ஆனால் நாளைக் காலை என் வண்டியிலேயே குன்னூர் ஆஸ்பத்திரிக்குப் போகலாம்" என்று கேளுங்கள். நிஜ வலி என்றால் பெரும்பாலும் ஏறிவிடுவார். யார் ஷிஃப்டை யார் பார்த்தது என்று தேதியோடு ஒரு நோட்டில் குறித்தும் வையுங்கள்.

ஆனால் அவர் வரவில்லை என்பதற்காக "நடிக்கிறார்" என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். இந்தக் குளிரில் முதுகு பிடிப்பது புதிதல்ல. சூப்பர்வைசரிடம் ஷிஃப்ட் கணக்கை மட்டும் காட்டுங்கள்.