அட்டை வீட்டில் ரேழி எங்கே?

அன்புள்ள ஐயா,

மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு எடுக்கிறேன். பிள்ளைகள் எல்லோரும் தளம் போட்ட வீட்டில் வளர்கிறவர்கள். பழைய வீட்டுச் சொற்களைச் சொல்லித்தர, முற்றம் வைத்த ஓட்டு வீடு ஒன்றை அவர்களை வைத்தே அட்டையில் செய்தோம். திண்ணை, ரேழி, கூடம், தாழ்வாரம் என்று சீட்டு எழுதி ஒட்டினோம். ஆண்டு விழாவில் நல்ல பாராட்டு. மறு வாரம் கேட்டால், திண்ணையைத் தாண்டிக் கூடத்துக்குப் போகும் நடைதான் ரேழி என்று ஒருவருக்கும் தெரியவில்லை. இதில் பயன் உண்டா, வெறும் கைவேலைதானா?

ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

பயன் உண்டு, அந்தச் சீட்டுகளைப் பிய்த்துப் போட்டுவிட்டால். பெயர் ஒட்டியதும் வீடு காட்சிப் பொருளாகிவிடுகிறது; அப்புறம் அதைத் தொட யாருக்கும் காரணமில்லை. சொல் தேவைப்படுகிற இடம்வரை பிள்ளையைக் கொண்டுபோய் விடுங்கள். சொல்லை அங்கே கொடுத்தால் போதும்.

கூரையை எடுத்துக்கொள்ளுங்கள். பார்சல் வரும் நெளி அட்டையை லேசாக நனைத்து மேல்தாளை உரித்தால் உள்ளே வரிவரியாக இருக்கும். நாட்டு ஓட்டுக்கு அது போதும். முற்றத்தைச் சுற்றி நாலு சரிவும் உள்பக்கம் இறங்குகிற மாதிரி ஒட்டி, காய்ந்ததும் மெழுகுவத்தியை அழுத்தித் தேய்த்துவிட்டுத் தண்ணீர் தெளியுங்கள். எல்லாத் தண்ணீரும் முற்றத்தில் வந்து தேங்கும். "டீச்சர், இது எப்படி வெளிய போகும்?" என்று ஒரு குரலாவது வரும். அப்போது சொல்லுங்கள், தூம்பு என்று. சுவரோரம் துளை போட்டு ஒரு ஸ்ட்ராவைக் கொல்லைப்பக்கம் விட்டுக்காட்டுங்கள். முற்றம் ஏன் கூடத்தைவிடத் தாழ்ந்திருக்கிறது, ஐப்பசி கார்த்திகை மழையை அந்த வீடு எப்படிச் சமாளித்தது, இரண்டும் சேர்ந்தே புரிந்துவிடும்.

ரேழிக்கு ஆட்கள் வேண்டும். தீக்குச்சியில் செய்யலாம். தபால்காரர் எதுவரை வருவார்? நெல் வியாபாரி? சம்பந்தி? ஒவ்வொருவரையும் எங்கே நிறுத்துவது என்று பிள்ளைகள் சண்டை போடட்டும். திண்ணையோடு அனுப்ப முடியாதவர், கூடத்துக்குள் கூப்பிடவும் முடியாதவர் ஒருவர் வந்து நிற்பார். அவரை நிறுத்த ஓர் இடம் வேண்டும் அல்லவா?

அதே வரிசையில் அறுவடைக்கு வந்த ஆளையும் நிறுத்துங்கள். நெல் கொட்டிவைக்கும் பத்தாயத்தைப் பிள்ளைகள் ஆசையாகச் செய்வார்கள். அடியில் நெல் தள்ளும் சின்னக் கதவு, மேலே அடுக்கடுக்கான பெட்டி. அந்த நெல்லை விளைவித்த ஆளுக்குப் பல வீடுகளில் கொல்லைப்புறம்தான் வழி. ஏன் என்று கேட்பார்கள். பேச்சை மாற்றாமல், சாதி என்றே சொல்லுங்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு அது தெரியாது என்று நாம்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

உங்கள் கடிதத்தில் எனக்குள்ள ஒரே குறை, முற்றம் வைத்த வீட்டோடு நிறுத்திவிட்டது. காவிரிப் பாசனத்தில் உழைத்த பெரும்பாலான குடும்பங்கள் இருந்தது கூரை வீட்டில். கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று இரவு விவசாயக் கூலிக் குடும்பத்தினர் 44 பேர் எரிக்கப்பட்டதும் ஒரு குடிசைக்குள்தான். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது பிய்த்துக்கொண்டு போனதும் இந்தக் கூரைகளைத்தான். பாரம்பரியம் என்றால் ஊஞ்சலும் தூணும்தான் என்று பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது. உங்கள் வகுப்பிலேயே பலருடைய தாத்தா கூரை வீட்டுக்காரராக இருப்பார்.

செய்வதும் சுலபம். மூங்கிலுக்கு விளக்குமாற்று ஈர்க்குச்சி, கீற்றுக்குக் காய்ந்த தென்னோலைத் துண்டு. கீற்றைக் கீழிருந்து மேலே வேயவேண்டும், மேல்வரிசை கீழ்வரிசை மேல் படிய. ஒரு குழுவை வேண்டுமென்றே மேலிருந்து தொடங்கவிட்டுத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள், யார் வீடு ஒழுகுகிறது என்று தெரிந்துவிடும். அப்புறம் எறவானம், சுவரைத் தாண்டி இறங்கும் கூரை விளிம்பு. கருக்கரிவாளையும் அவசரச் சீட்டையும் செருகி வைக்கும் இடம். தகரத்தில் ஓர் அரிவாள் வெட்டிக் கொடுத்து, வீட்டுக்குள் கொண்டுபோகாமல் எங்கே வைப்பாய் என்று கேளுங்கள். விளிம்பை நீங்கள் மழுக்கிக் கொடுப்பது நல்லது.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால், பாதி கட்டிய வீட்டையே எடுத்துப்போய்க் காட்டச் சொல்லலாம். முடிந்த வீட்டைப் பார்த்தால் "நல்லாருக்கு" என்பார்கள். பாதி வீடு என்றால் குறை சொல்லாமல் இருக்க அவர்களால் முடியாது, சொற்கள் தானாக வந்து விழும்.

அளவுக்கு ஓர் அடிக்கு ஒரு சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளின் ஸ்கேலே போதும். மைதாப் பசை மட்டும் வேண்டாம். கரப்பான் தின்றுவிடும். ஃபெவிகால் வாங்கிவிடுங்கள்.