மார்ச்சில் ஒரு கட்சி, மே மாதம் இன்னொரு கட்சி: டெக்சாஸில் முடியுமா?

மார்ச் பிரைமரியில் (கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல்) ஜனநாயகக் கட்சிச் சீட்டில் ஓட்டுப் போட்டேன், மே ரன்ஆஃபில் (யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காதபோது முதல் இருவருக்கிடையே நடக்கும் இரண்டாம் சுற்று) குடியரசுக் கட்சிக்குப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியாது. டெக்சாஸில் வாக்காளர் பதிவில் கட்சியே கிடையாது என்பது சரிதான். ஆனால் மார்ச்சில் மேசையில் "எந்தக் கட்சிச் சீட்டு வேண்டும்?" என்று கேட்டிருப்பார்களே, அந்தப் பதில் பட்டியலில் ஏறிவிட்டது. அந்த வருடம் முடியும்வரை நீங்கள் அந்தக் கட்சிக் கணக்கு.

உங்கள் மனைவி மார்ச்சில் ஓட்டே போடவில்லை என்கிறீர்கள். அவருக்குத் தடையில்லை, ஏதாவது ஒரு கட்சியின் ரன்ஆஃபில் போடலாம்.

அவர் வழக்கமாகப் போடாத கட்சியின் ரன்ஆஃபில் போடுவது தவறோ என்று தயங்க வேண்டாம். 2014இல் மிசிசிப்பியில் குடியரசுக் கட்சி செனட்டர் தாட் காக்ரன் பிரைமரியின் முதல் சுற்றில் சொந்தக் கட்சிப் போட்டியாளர் கிறிஸ் மெக்டேனியலுக்குச் சற்றுப் பின்தங்கினார். ரன்ஆஃபில் வழக்கமாக ஜனநாயகக் கட்சிக்குப் போடும் கறுப்பின வாக்காளர்கள் பலர் வந்து போட, சுமார் 7,700 வாக்குகளில் தப்பினார். அங்கேயும் இதே விதிதான்: ஜனநாயகக் கட்சி பிரைமரியில் போட்டவர்கள் வரக்கூடாது. மெக்டேனியல் தரப்பு வழக்கு வரை போனது, பலிக்கவில்லை.

அப்புறம், நவம்பர் பொதுத்தேர்தலில் இந்தக் கட்டு எதுவும் இல்லை. யாருக்கு வேண்டுமானாலும் போடுங்கள்.