வீட்டுக்குப் பின்னால் குளம், குளத்தில் கேட்டர்

கேள்வி: மூன்று மாதம் முன்புதான் ஒர்லாண்டோ பக்கம் குடிவந்தோம். வீட்டுக்குப் பின்னாலேயே குளம். போன வாரம் அதில் மூன்றடி நீளத்தில் ஒரு முதலை தலைகாட்டியது. பிள்ளைகளுக்கு 6 வயது, 9 வயது. தினமும் சாயங்காலம் அங்கே வாத்துகளுக்கு பிரெட் போடுவார்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் மாமனாரும் இருட்டுகிற நேரத்தில் அந்தக் கரையில்தான் நடக்கிறார். பக்கத்து வீட்டில், "அது ஒன்றும் செய்யாது, துரத்தினால் வளைந்து வளைந்து ஓடினால் போதும்" என்கிறார்கள். பெரியவன் அதற்குப் பெயரே வைத்துவிட்டான். பயமுறுத்தாமல் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லி வைப்பது?
— ஒரு வாசகி, ஃபுளோரிடா

பதில்: முதலில் அந்த பிரெட்டை நிறுத்துங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

பிரெட் வாத்துக்குத்தான் போடுகிறோம் என்று நமக்குத் தெரியும். முதலைக்குத் தெரியாது. பிரெட் விழுகிற இடத்துக்கு மீன் வரும், ஆமை வரும், வாத்து வரும். அந்த மூன்றையும் தின்கிற முதலையும் வரும். இது நாலு நாள் நடந்தாலே போதும், கரையில் ஆள் நடமாட்டம் தெரிந்தால் சாப்பாடு வருகிறது என்று பழகிவிடும். இயல்பில் மனிதரைக் கண்டால் தண்ணீருக்குள் நழுவிப் போகிற பிராணி அது. அந்தக் கூச்சம் போய்விட்டால்தான் ஆபத்து. முதலைக்கே நேரடியாகத் தீனி போடுவது ஃபுளோரிடா சட்டப்படி குற்றம். மீன் சுத்தம் செய்த கழிவைக் கரையில் கொட்டுவதும் அதே பலனைத்தான் தரும்.

உங்கள் பெரியவனிடம் இன்னொன்றும் சொல்லலாம், 9 வயதுக்குப் புரியும். நாலடிக்கு மேல் வளர்ந்த முதலை ஆபத்தாகிவிட்டது என்று புகார் போனால், மாநில வனவிலங்குத் துறை ஒப்பந்தப் பிடிப்பவரை அனுப்பும். பிடித்ததை வேறு ஏரியில் கொண்டுபோய் விடுவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி விட்டால் பழைய இடத்துக்கே திரும்ப முயலும் என்பதால் பெரும்பாலும் கொன்றுவிடுவார்கள். பாசத்தோடு போடுகிற தீனிதான் கடைசியில் அதன் உயிருக்கு உலை வைக்கிறது.

இனி ஆளை அடையாளம் காண்போம். தமிழில் எல்லாமே முதலைதான். அங்கே உங்கள் குளத்தில் இருப்பது அலிகேட்டர். ஊர்க்காரர்கள் சுருக்கமாக 'கேட்டர்' என்பார்கள். நம் நாட்டு ஆறு ஏரிகளில் இந்த இனம் கிடையாது. இந்தியாவில் இருப்பவை சதுப்பு முதலை, உவர்நீர் முதலை, கங்கையின் நீள்மூக்கு கரியால் ஆகிய மூன்றுதான். கேட்டரின் மூக்கு அகலமாக, முனை உருண்டு இருக்கும். உடல் கறுப்பு கலந்த சாம்பல் நிறம். வாயை மூடினால் மேல்வரிசைப் பற்கள் மட்டும் தெரியும். அமெரிக்கக் குரோக்கடைலுக்கோ கீழ்த்தாடையின் நாலாவது பல்லும் வெளியே துருத்தும். இந்த இரண்டு இனமும் இயற்கையாகச் சேர்ந்து வாழ்கிற ஒரே இடம் தெற்கு ஃபுளோரிடா. ஒர்லாண்டோவில் நீங்கள் பார்ப்பது கேட்டராகத்தான் இருக்கும். மாநிலம் முழுக்க சுமார் 13 லட்சம் இருப்பதாகக் கணக்கு. அதன் 67 கவுண்டியிலும் (நம் மாவட்டம் மாதிரி) உண்டு. ஆகவே இந்தக் குளம் வேண்டாம் என்று வேறு வீடு பார்ப்பதில் பயனில்லை. அங்கே நன்னீர் தேங்கிய இடம் எதுவானாலும் உள்ளே ஒன்று இருக்கலாம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

அதற்காகக் கலங்கவும் வேண்டாம். தானாக வந்து கடித்து, மருத்துவம் தேவைப்படும் அளவுக்குப் போகிற சம்பவங்கள் மாநிலம் முழுக்க ஆண்டுக்குச் சராசரி 8 தான். அந்த எட்டில் நம் வீட்டுப் பிள்ளை இல்லாமல் பார்த்துக்கொள்ள, கவனிக்க வேண்டியது தண்ணீரின் விளிம்பு.

கேட்டர் பதுங்கி வேட்டையாடுகிற பிராணி. தண்ணீருக்கு மேலே மூக்குத் துவாரமும் கண்ணும் மட்டும் தெரியும், மிதக்கிற கட்டை போல. வாலை ஒரு வீச்சு வீசிக் கரையோரத்தில் இருப்பதைக் கவ்வி, உள்ளே இழுத்துக்கொள்ளும். குனிந்து கை கழுவுகிற குழந்தை, தண்ணீர் குடிக்கிற நாய், காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தவர் எல்லாரும் அதன் பார்வையில் சிறிய உருவங்கள். அது வழக்கமாகப் பிடிக்கிற இரையின் அளவுதான். 2016 ஜூனில் ஒர்லாண்டோ அருகே ஒரு விடுதி ஏரியில் 2 வயதுக் குழந்தை இறந்தது இப்படித்தான். இரவு நேரம், கரையோரத்து ஆழமில்லாத தண்ணீர். 'நீந்தாதீர்கள்' என்று பலகை இருந்தால் கால் நனைக்கலாம் என்று அர்த்தமில்லை. (இந்தச் செய்தி உங்களுக்கு மட்டும். பிள்ளைகளிடம் வேண்டாம்.)

எனவே குளத்தின் விளிம்பிலிருந்து பெரியவர் நடையில் பத்து எட்டு எண்ணி, அங்கே வரிசையாகக் கல் பதித்து வெள்ளை அடித்து வையுங்கள். பெரியவர் துணையில்லாமல் அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. பந்து உருண்டு போனாலும் சரி, செருப்பு விழுந்தாலும் சரி. "முதலை இருக்கு, போகாதே" என்றால், கண்ணுக்குத் தெரியாத நாளில் பிள்ளை போய்விடும். கோடு எல்லா நாளும் தெரியும்.

மாமனாருக்கு நேரத்தை மாற்றச் சொல்லுங்கள். அந்திக்கும் விடியலுக்கும் இடையில்தான் கேட்டர் சுறுசுறுப்பு. காலையில் நன்றாக வெளிச்சம் வந்தபின், கரையை ஒட்டாமல் நடைபாதையில் நடக்கட்டும். குளிர்ந்த ரத்தப் பிராணி என்பதால் அதன் பசியும் வெயிலைப் பொறுத்தது. 28 முதல் 33 டிகிரி செல்சியஸ் வரை அதற்குத் தோதான சூடு. 21 டிகிரிக்குக் கீழே இரை எடுப்பது நின்றுவிடும்; 13க்குக் கீழே அடங்கிக் கிடக்கும். ஏப்ரல், மே மாதங்களில் இணை தேடி ஒரு குளத்திலிருந்து இன்னொன்றுக்கு நடந்து போவதும் உண்டு. அப்போது வீட்டு நீச்சல் குளத்திலும் இறங்கிவிடும். குதிப்பதற்கு முன் ஒரு பார்வை பார்க்கப் பழக்குங்கள். கம்பி வேலியை அதனால் ஏறிக் கடக்க முடியும், அதனால் வேலி இருக்கிறது என்று அசந்துவிட வேண்டாம்.

பக்கத்து வீட்டு 'வளைந்து ஓடு' யோசனையைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். தரையில் மனிதரை வெகுதூரம் துரத்துவது கேட்டருக்கு வழக்கமில்லை. சில மீட்டர் பாய்ந்தாலே களைத்துவிடும். வளைந்து வளைந்து ஓடினால் தண்ணீருக்குப் பக்கத்தில் கூடுதல் நேரம் இருக்கிறோம், அவ்வளவே. தண்ணீருக்கு எதிர்த்திசையில், நேர்க்கோட்டில், நிற்காமல் ஓட வேண்டும்.

'மூர்க்கனும் முதலையும் கொண்டது விடா' என்பது நம் பழமொழி. கேட்டர் விஷயத்தில் அதை நம்பிக் கைவிட்டுவிடக் கூடாது. இரை பலமாகத் திமிறினால் அது விட்டுவிடுவது உண்டு. பிடியை மாற்றிக் கவ்வ வாயைத் திறப்பதும் உண்டு. அந்த நொடிதான் வாய்ப்பு. கண்ணிலும் மூக்கு நுனியிலும் பலமாகக் குத்தி, கூச்சல் போட்டு, முழு வலுவோடு போராட வேண்டும். தாடையைப் பிரிக்க முயல்வது வீண். விடுபட்டதும் துணியால் அழுத்தி ரத்தத்தை நிறுத்தி 911 அழையுங்கள். பல் பதிந்த சின்ன ஓட்டையானாலும் மருத்துவரிடம் காட்டியாக வேண்டும். அதன் வாய்க் கிருமிகள் தோலுக்கடியில் மோசமாகச் சீழ் பிடிக்க வைக்கும்.

அடுத்து வருவதை அப்படியே பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டலாம்.

செல்லங்களே, உங்கள் குளத்து ஆளுக்கு எவ்வளவு பல் தெரியுமா? 74 முதல் 80 வரை. ஒன்று விழுந்தால் அந்த இடத்தில் புதுசு முளைக்கும். ஆயுளுக்கும் இரண்டாயிரம், மூவாயிரம் பல் முளைத்துவிடும். அதன் வாயை மூடுகிற தசை படுபலம். திறக்கிற தசை சுத்த சோப்ளாங்கி! பிடிக்க வருகிறவர் வெறும் டேப் சுற்றியே வாயைக் கட்டிவிடுவார். (அவர் அதற்கென்று பயிற்சி எடுத்தவர். நீங்கள் இல்லை.)

வாயைப் பிளந்துகொண்டு வெயிலில் கிடந்தால் கோபம் என்று நினைக்காதீர்கள். உடம்புச் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. 'ஸ்ஸ்ஸ்' என்று சீறினால் மட்டும் 'கிட்டே வந்துவிட்டாய், போ' என்று பொருள். சீறல் கேட்கிற தூரத்துக்கே போகக் கூடாது. இரண்டு பள்ளிப் பேருந்தை வரிசையாக நிறுத்தினால் எவ்வளவு நீளமோ, அவ்வளவு தள்ளி நில்லுங்கள்.

தள்ளி நின்றே அதன் நீளத்தை அளக்க ஒரு வழி இருக்கிறது. மூக்குத் துவாரத்துக்கும் கண்ணுக்கும் நடுவே எத்தனை அங்குலம் என்று பைனாகுலரில் பார்த்து மதிப்பிடுங்கள். எத்தனை அங்குலமோ ஏறக்குறைய அத்தனை அடி நீளம். மூன்று அங்குலம் என்றால் மூன்றடி ஆள். எட்டு அங்குலம் என்றால் அப்பாவைவிட நீளம்! தேதி போட்டு நோட்டில் எழுதி வையுங்கள்.

ஜூன் கடைசி, ஜூலை தொடக்கத்தில் அம்மா கேட்டர் செடிகொடிகளைக் குவித்துக் கூடு கட்டி 32 முதல் 46 முட்டை வரை இடும். கூட்டுக்குள் 30 டிகிரி சூடு என்றால் குட்டிகள் பெரும்பாலும் பெண். 33 என்றால் பெரும்பாலும் ஆண். ஆகஸ்ட் நடுவிலிருந்து மஞ்சள் பட்டை போட்ட, கையளவுக் குட்டிகள் வெளியே வரும். 'யிம்ப், யிம்ப்' என்று கத்தும். அழகுதான். ஆனால் அந்தச் சத்தம் அம்மாவைக் கூப்பிடுகிற சத்தம். அம்மா பக்கத்திலேயே இருப்பாள். கேட்டதும் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு வந்து பெரியவர்களிடம் சொல்லுங்கள்.

மறுபடி அம்மாவுக்கு: இப்போது வந்திருக்கும் மூன்றடி ஆளை அதன் பாட்டுக்கு விடுங்கள். தவளையும் சிறு மீனும் தின்கிற வயது அதற்கு. கையில் எடுத்தால்தான் கடிக்கும். குச்சியால் குத்துவதும், கல்லெறிவதும், பிடித்து வாளியில் போடுவதும் சட்டப்படி தவறு. நாலடிக்கு மேல் ஒன்று வந்து, ஆளைக் கண்டு விலகாமல் கரையை நோக்கி வந்தால் மாநிலத் துறையின் முதலைப் புகார் எண்ணுக்குப் பேசுங்கள்: 866-392-4286. எந்தத் தெரு, குளத்தின் எந்தப் பக்கம், சுமார் எத்தனை அடி, யாராவது தீனி போடுகிறார்களா என்ற நாலையும் கேட்பார்கள் என்று நினைத்துத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். நீளத்துக்குப் பெரியவனின் நோட்டைப் பார்த்தால் போதும்.