தரங்கம்பாடி பங்களா ஹோட்டல், பேய்க்கதை: கேட்டதும் சொன்னதும்

நான் பொறையார் பக்கம். தரங்கம்பாடி வரலாறுன்னா எனக்கு உசுரு. கோட்டைக்குப் பக்கத்துல கடலைப் பாத்து நிக்கிற பங்களா ஹோட்டல் பத்தி நிறைய பேர் கேட்டிருக்கீங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்.

அண்ணே, அது டேனிஷ் கவர்னர் வீடுதானே?

இல்ல தம்பி, கவர்னர் பங்களா வேற. இது பிரிட்டிஷ் கலெக்டர் இருந்த பங்களா. 1845ல டேனிஷ்காரங்க நம்ம ஊரையும் வங்காளத்து சேரம்பூரையும் சேத்து பன்னெண்டரை லட்சம் ரூபாய்க்கு இங்கிலீஷ்காரங்களுக்கு வித்துட்டாங்க. பின்னாடி நீம்ரானாங்கற ஹோட்டல் குரூப் எடுத்து பழைய அழகு கெடாம சரிபண்ணி ஹோட்டலாக்குனாங்க. ரூமுக்கெல்லாம் டேனிஷ் கப்பல் பேரு வச்சிருக்காங்க, அது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம்.

ராத்திரி வராண்டால யாரோ நடக்குற சத்தம் கேக்குமாமே?

கடலுக்கு நேரா நிக்கிற பழைய கட்டடம்மா. மழைக்காலத்துல மரக்கதவு ஊதிக்கிட்டு நிலையில இடிக்கும், வெயில்ல சுருங்கி லொடலொடன்னு ஆயிடும், கொக்கி சரியா மாட்டலன்னா ராத்திரி காத்து திசை மாறுறப்ப டொக் டொக்னு விட்டு விட்டு அடிக்கும், அரைத்தூக்கத்துல கேட்டா யாரோ நடக்குற மாதிரியேதான் இருக்கும். கொக்கியை மாட்டிட்டுப் படுங்க.

கடற்கரையில வெட்டுன தலையை கம்புல குத்தி வச்சாங்கங்கறது கட்டுக்கதையா?

அது நடந்தது. 1619ல ரோலண்ட் கிராப்பேங்கற ஆளு வந்த டேனிஷ் கப்பலை காரைக்கால் பக்கம் போர்ச்சுகீசியர் மூழ்கடிச்சாங்க, மாலுமி ரெண்டு பேர் தலையை கரையில கம்புல சொருகி வச்சாங்க, இனிமே எவனும் இந்தப் பக்கம் வரக்கூடாதுன்னு. கிராப்பே தப்பிச்சு கரையேறி தஞ்சாவூர் நாயக்கர்கிட்ட போய்ச் சேந்தான், ரகுநாத நாயக்கர் அவனைத் தண்டிக்காம வியாபாரம் பேசுனாரு. அப்புறம் ஓவ கெட்டேங்கற தளபதி வந்து 1620 நவம்பர்ல ஒப்பந்தம் போட்டு டேன்ஸ்போர்க் கோட்டையைக் கட்டுனான். யோசிச்சுப் பாருங்க, கப்பலும் போய் கூட்டாளிகளும் செத்து கரையில ஒதுங்குன ஒருத்தன் பேசுன பேச்சுலதான் இந்த ஊரோட டேனிஷ் கதையே ஆரம்பிக்குது. இதைவிட நடுங்க வைக்கிற கதையை எந்தப் பேய் சொல்லும்?

கோட்டைக்குள்ள பாதாளச் சிறை இருக்கா?

கீழ்த்தளத்துல இருக்கு. ஆனா பெரும்பாலும் சரக்கு வைக்கிற கிடங்குதான்.

சுனாமில செத்தவங்க பீச்ல அலையுறாங்கன்னு வீடியோ பாத்தேன்...

அதை யாருக்கும் அனுப்பாதீங்க, கையெடுத்துக் கேக்குறேன். 2004 டிசம்பர் 26 அன்னிக்கு நம்ம மீனவத் தெருவுல புள்ளையைப் பறிகொடுத்தவங்க இன்னும் அதே கரையிலதான் வலை காயப்போடுறாங்க. அவங்க காதுல இது விழுந்தா என்ன ஆகும்? வியூஸுக்காக அந்த சாவுகளை எடுத்துப் பேசுறது எனக்குப் பொறுக்கல.

ஒரு நாள்ல எதையெல்லாம் பாக்கலாம்ணா?

காலையில மாசிலாமணிநாதர் கோயில். 1306ல பாண்டியர் காலத்துல எழும்புனது, முன்பக்கத்தைக் கடல் அரிச்சுத் தின்னுடுச்சு. அப்புறம் 1718ல கட்டுன புது எருசலேம் சர்ச், தமிழ்ல புதிய ஏற்பாட்டை அச்சடிச்ச சீகன்பால்கு அங்கதான் அடக்கம், சாகும்போது வயசு 36தான். வெயில் தாழ கோட்டைக்குப் போங்க. மயிலாடுதுறைல இருந்து பஸ் இருக்கு.