தாயின் பென்ஷன் மனு: சான்றிதழ் எண் காலியாக இருந்தால்?

கேள்வி: என் மனைவி அமெரிக்கர். அவருடைய முன்னோர் ஒருவர் உள்நாட்டுப் போரில் ஒஹாயோ படைப்பிரிவின் சாதாரணச் சிப்பாய், கல்யாணம் ஆகாதவர். 1863 செப்டம்பரில் சிக்கமாகா சண்டையில் இறந்தார். பென்ஷன் குறியீட்டு அட்டையில் 'தாய்' என்ற வரியில் விண்ணப்ப எண் இருக்கிறது, சான்றிதழ் எண் இல்லை. கோப்பு இணையத்திலும் கிடைக்கவில்லை. அந்த அம்மாவுக்குப் பணமே கிடைக்கவில்லையா? மேற்கொண்டு தேடலாமா?

பதில்: சான்றிதழ் எண் இல்லையென்றால் பென்ஷன் அனுமதிக்கப்படவில்லை என்றுதான் பெரும்பாலும் பொருள். நிராகரித்திருப்பார்கள், அல்லது குடும்பமே பாதியில் விட்டிருக்கும், அல்லது முடிவு வருமுன் அந்த அம்மா காலமாகியிருப்பார். ஆனாலும் தேடுங்கள். மளமளவென்று அனுமதியான மனுக்களின் கோப்புகள் பெரும்பாலும் மெலிந்தவை. இழுபறியானவற்றில்தான் சரக்கு இருக்கும்.

காரணம் சட்டத்திலேயே இருக்கிறது. 1862 ஜூலை 14 சட்டப்படி சிப்பாயின் மனைவிக்கு முதல் உரிமை, அடுத்து 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு. இவர்கள் இல்லாவிட்டால்தான் தாய். அதிலும் மகனின் வருமானத்தை முழுதாகவோ ஓரளவோ நம்பி வாழ்ந்ததை அவர் நிரூபிக்க வேண்டும். தகப்பனார் உயிரோடு இருந்துவிட்டால் போச்சு. 'வீட்டுக்காரர் சம்பாதிக்கக் கூடாதா?' என்று பென்ஷன் அலுவலகம் கேட்கும். அவர் உழைக்க முடியாதவர் என்று டாக்டர் சத்தியப் பத்திரம் கொடுக்க வேண்டும். நிலபுலன் எவ்வளவு, வரி எவ்வளவு, பையன் யாரிடம் வேலை பார்த்தான், கூலி யார் கைக்குப் போனது என்று அக்கம்பக்கத்தார் சாட்சி சொல்ல வேண்டும். இத்தனையும் மாதம் 8 டாலருக்கு. அந்தப் பையனின் படைச் சம்பளமே மாதம் 13 டாலர்தான்.

தாய்மாரிடம் இருந்த வலுவான ஆதாரம் மகன் முகாமிலிருந்து எழுதிய கடிதம். 'இதோடு பத்து டாலர் வைத்திருக்கிறேன், வாடகைக் கடனை அடைத்துவிடுங்கள்' என்கிற மாதிரி ஒரு வரி இருந்தால் போதும், மூலக் கடிதத்தையே வாஷிங்டனுக்கு அனுப்பினார்கள். பல கடிதங்கள் திரும்பி வரவேயில்லை. இன்றும் கோப்பிலேயே இருக்கின்றன. உங்கள் கோப்பில் இருக்கும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் பாட்டிகளின் கையில் தங்காமல் போன கடிதங்களைத் தேட இதைவிட நல்ல இடம் கிடையாது.

சிக்கமாகா என்பதால் இன்னொரு சிக்கலும் இருந்திருக்கலாம். அங்கே களம் தெற்குப் படையின் கைக்குப் போனது. பின்வாங்கிய வடக்குப் படை (ஒஹாயோ இந்தப் பக்கம்) தன் வீரர்கள் பலரை அங்கேயே விட்டுவர வேண்டியதாயிற்று. படைப் பதிவேட்டில் 'காணவில்லை' என்று மட்டும் எழுதியிருந்தால், அவன் விழுந்ததைப் பார்த்த அதிகாரியோ சக சிப்பாய்களோ சாட்சி சொல்ல வேண்டும். அப்படி ஒரு தாள் கோப்பில் இருந்தால் முதலில் அதைப் படியுங்கள்.

சரி, எப்படி எடுப்பது? பழைய ராணுவ ஆவணங்களை இணையத்தில் தரும் ஃபோல்டு3 (Fold3) தளத்தில் இருப்பவை அனுமதியான விதவை, குடும்பத்தார் கோப்புகள். நிராகரித்தவை அந்தத் தொகுப்பில் சேராது, அதனால்தான் உங்களுக்கு அகப்படவில்லை. வாஷிங்டனிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்கு நேரே போகலாம், அல்லது அதன் இணையதளத்தில் நகல் கேட்கலாம். சிப்பாயின் பெயர், படைப்பிரிவு, அட்டையிலுள்ள விண்ணப்ப எண் மூன்றையும் கொடுங்கள். தேர்ந்தெடுத்த சில தாள்களை மட்டும் தரும் மலிவான வகை ஒன்று உண்டு. காசு மிச்சம் என்று அதை வாங்காதீர்கள், கடிதமும் சாட்சியமும் அதில் விடுபட்டுப்போகலாம். முழுக் கோப்பையே கேளுங்கள்.

அதற்கு முன் அட்டையை இன்னொரு முறை பாருங்கள். பின்னாளில் தகப்பனாரும் மனுப் போட முடிந்தது. தாய் இறந்தபின் அவர் முயன்றிருக்கலாம். 1890 சட்டம் பெற்றோருக்கு இன்னும் தளர்வு தந்தது. மகன் இறந்த காலத்து நிலை எப்படியிருந்தாலும், இப்போது தன் உடலுழைப்பைத் தவிர வேறு பிழைப்பு இல்லை என்று காட்டினால் போதும். பழைய மனு தள்ளுபடியான பலர் அப்போது மறுபடி முயன்றார்கள், அதற்குள் தொகையும் 12 டாலராகியிருந்தது. அப்பா பெயரில் ஒரு வரி தென்பட்டால் அந்த எண்ணையும் சேர்த்தே எழுதி அனுப்புங்கள்.

தென்மாநிலப் படையில் இருந்தவர்களின் குடும்பங்களுக்கு இந்த வழி உதவாது. அவர்களுக்குப் பென்ஷன் கொடுத்தவை அந்தந்த மாநிலங்கள். மாநில ஆவணக் காப்பகங்களில்தான் தேட வேண்டும். உங்களுடையது ஒஹாயோ, அந்தத் தொல்லை இல்லை.