கரி டப்பா கிருமியைப் பிடிக்குமா?

(மணலியில் ஒரு ரசாயன ஆலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

ஐயா, ராணுவ உபரி என்று ஆன்லைனில் போட்டிருந்த ஒரு கேஸ் மாஸ்க்கை வாங்கியிருக்கிறேன். கூடவே பச்சை நிறத்தில் ஒரு ஃபில்டர் டப்பா வந்தது. அப்பாவுக்கு டி.பி. என்று போன வாரம் உறுதியானது. இதைப் போட்டுக்கொண்டு அவர் அறைக்குள் போனால் எனக்குத் தொற்றாது அல்லவா?
— வாசகர், அரக்கோணம்

தம்பி, மாஸ்க்கைத் தலையில் மாட்டுவதற்கு முன்னால் அந்த டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஐரோப்பியத் தரத்தில் ஒவ்வொரு விஷத்துக்கும் ஒரு நிறப் பட்டை உண்டு. பெயின்ட், தின்னர் போன்ற கரிமப் பொருள்களின் ஆவிக்குப் பழுப்பு, குளோரின் மாதிரி வாயுக்களுக்குச் சாம்பல், கந்தக டை ஆக்சைடுக்கு மஞ்சள், அமோனியாவுக்குப் பச்சை. இந்த நான்கில் எதுவும் கிருமியைத் தடுக்கும் என்று உத்தரவாதம் தராது. வெள்ளைப் பட்டையும் 'பி-3' என்ற எழுத்தும் இருந்தால்தான் உள்ளே துகளைப் பிடிக்கும் இழை அடுக்கு இருக்கிறது என்று பொருள். அமெரிக்க டப்பாவாக இருந்தால் கணக்கே வேறு. அங்கே வெள்ளை என்பது அமில வாயுவுக்கு. துகளுக்கான பி-100 மெஜந்தா நிறத்தில் வரும். உங்களுடையது டப்பா முழுவதுமே பச்சை என்றால் அது பெரும்பாலும் ராணுவ பெயின்ட். அதை வைத்து உள்ளே இருப்பதைச் சொல்ல முடியாது.

எங்கள் ஆலையில் அமோனியா கசிந்தால் பச்சைப் பட்டை டப்பாவோடுதான் வால்வை மூட ஓடுவோம். கண் எரியும் இடத்தில்கூட மூக்குக்கு ஒன்றும் தெரியாது. அதே டப்பாவை மாட்டிக்கொண்டு ஒப்பந்தத் தொழிலாளர் ஒருவர் சுண்ணாம்புத் தூள் மூட்டை இறக்கப் போனார். வெளியே வந்து மாஸ்க்கைக் கழற்றினால் மூக்குத் துவாரம் இரண்டும் வெள்ளை. வாயு மூலக்கூறுகள் டப்பாவுக்குள் இருக்கும் கரியின் நுண்துளைகளுக்குள் போய் ஒட்டிக்கொள்ளும். தூளுக்கும் எச்சில் துளிக்கும் அந்த வேலை நடக்காது. கரித்துண்டுகளுக்கு நடுவே உள்ள இடைவெளியில் காற்றோடு சேர்ந்து உள்ளே வந்துவிடும். டி.பி. கிருமி இருமலில் கிளம்பி, 1 முதல் 5 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுள்ள துளிகளாகக் காற்றில் மிதக்கிறது. அதைப் பிடிக்க இழை வேண்டும், கரி அல்ல.

நல்ல ராணுவ டப்பாவில் கரி, இழை இரண்டுமே இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் உபரிக் கடைக்கு வருவது எத்தனை வயதான சரக்கு? பழைய சோவியத் டப்பாக்கள் சிலவற்றில் அந்த இழை அடுக்கே ஆஸ்பெஸ்டாஸ், மூச்சில் போனால் புற்றுநோய் தரும் கனிம இழை. இரண்டாம் உலகப் போர்க்காலத்து பிரிட்டிஷ் மாஸ்க்குகளிலும் அப்படித்தான். அவற்றைப் பள்ளிக் கண்காட்சியில்கூடப் பிள்ளைகள் முகத்தில் மாட்டக் கூடாது என்று அந்த நாட்டில் எச்சரிக்கிறார்கள். அமெரிக்க ராணுவத்தின் பழைய சி-2 டப்பாவின் கரியில் குரோமியம் கலந்திருந்தது. டி.பி.க்குப் பயந்து ஆஸ்பெஸ்டாஸை மூச்சில் இழுப்பானேன்? இன்னொன்று: 1991 வளைகுடாப் போரின்போது இஸ்ரேலில் வீடு வீடாக மாஸ்க் கொடுத்தார்கள். டப்பாவின் அடைப்பைக் கழற்றாமலே மாட்டிக்கொண்டு மூச்சுத் திணறி இறந்தவர்கள் இருக்கிறார்கள். பழக்கம் இல்லாதவர் அவசரத்தில் மாட்டும் பொருள் அல்ல இது.

நீங்கள் செய்ய வேண்டியது இதைவிடச் சுலபம். தலைக்குப் பின்னால் இரண்டு பட்டை உள்ள, ஐ.எஸ். 9473 எண்ணோடு ஐ.எஸ்.ஐ. முத்திரை போட்ட மாஸ்க்கை நீங்கள் போடுங்கள். அப்பாவுக்குச் சாதாரண சர்ஜிகல் மாஸ்க் போதும். அவர் அறையின் ஜன்னலை இரவிலும் திறந்து வையுங்கள். கொசு வரும் என்றால் வலை அடியுங்கள், ஜன்னலை மூடாதீர்கள். எல்லாவற்றையும்விட முக்கியம் மாத்திரை. கிருமி மருந்துக்குக் கட்டுப்பட்டால், ஆரம்பித்த சில வாரங்களிலேயே தொற்றும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும்.

இதற்குச் சான்று வெளிநாட்டில் தேட வேண்டாம். 1956-இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், நெரிசலான ஏழை வீடுகளில் வாழ்ந்த நோயாளிகளில் பாதிப் பேரை வீட்டிலும் மீதிப் பேரை சானடோரியத்திலும் வைத்து ஓராண்டு ஒரே மருந்தைக் கொடுத்தது. வீட்டில் இருந்தவர்களும் குணமானார்கள். அவர்களுடைய குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. 1959-இல் வெளிவந்த அந்த முடிவுதான், டி.பி. என்றாலே ஆளைப் பிரித்து சானடோரியத்துக்கு அனுப்பும் வழக்கத்தை உலகெங்கும் உடைத்தது. அப்பாவுக்கு மாத்திரை தருகிற அரசு மருத்துவமனையிலேயே உங்களுக்கும் வீட்டில் இருக்கும் மற்றவர்களுக்கும் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். தடுப்பு மாத்திரை தேவையா என்பதையும் அவர்களே சொல்வார்கள்.

என்-95 மாஸ்க் 0.3 மைக்ரான் வரை பிடிக்கும் என்கிறார்கள். கொரோனா வைரஸ் 0.1 மைக்ரான்தான். அப்படியானால் அது ஓட்டை வழியாக நழுவிவிடாதா?
— கல்லூரி மாணவி, நாகர்கோவில்

சல்லடையாக இருந்தால் நழுவும்தான். ஆனால் இது சல்லடை வேலையே இல்லை. கருவேலங்காட்டுக்குள் காற்றில் அடித்துவந்த பஞ்சை நினைத்துக்கொள்ளுங்கள். முள்ளுக்கும் முள்ளுக்கும் நடுவே எவ்வளவு இடம் இருந்தாலும் அது மறுபக்கம் வந்து சேராது. பெரிய துகளால் காற்றோடு சட்டென்று வளைந்து திரும்ப முடியாது, நேரே போய் இழையில் மோதும். மிகச் சிறியதை, காற்றின் மூலக்கூறுகள் நாலாபக்கமும் இடித்துத் தள்ளிக்கொண்டே இருப்பதால், அது தடுமாறித் தடுமாறி எப்படியும் ஏதோ ஓர் இழையைத் தொட்டுவிடும். தொட்டால் ஒட்டிக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே, நேராக மோதவும் முடியாமல், போதுமான அளவு தடுமாறவும் செய்யாமல் கிடப்பதுதான் தப்பிப்பதில் கெட்டிக்காரத் துகள். அதன் அளவுதான் ஏறக்குறைய 0.3 மைக்ரான். சோதனைக்கு அதை எடுப்பதே பிடிக்க மிகக் கடினமானது அது என்பதால்தான். நிமிடத்துக்கு 85 லிட்டர் காற்றில் உப்புத் துகளை அனுப்பி, நூற்றுக்கு 95-ஐயாவது பிடித்தால் என்-95, எண்ணெய்த் துளியை அனுப்பி 99.97-ஐப் பிடித்தால் பி-100. அதைவிடச் சிறியதும் மாட்டிக்கொள்ளும். தவிர, வைரஸ் தனியாளாகப் பறப்பதும் அபூர்வம். துளியில் சவாரி செய்துதான் வரும்.

எங்களுக்குக் கொட்டாங்குச்சிக் கரி ஆலை இருக்கிறது. ஆக்டிவேட்டட் கார்பனும் தயாரிக்கிறோம். அதைத் துணிக்கு நடுவே வைத்துத் தைத்து 'வைரஸ் தடுப்பு மாஸ்க்' என்று விற்கலாமா?
— வாசகர், காங்கேயம்

விற்காதீர்கள். முதல் பதிலில் சொன்னதுபோல, கரி வாயுவைப் பிடிக்கும், கிருமித் துளியைப் பிடிக்காது. உங்கள் சரக்கைக் குறைத்துச் சொல்லவில்லை. முதல் உலகப் போரில், 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்ர் போர்முனையில் ஜெர்மானியர்கள் குளோரினைத் திறந்துவிட்ட பிறகு உலகமே நல்ல கரியைத் தேடி அலைந்தது. அமெரிக்காவில் மக்களிடம் பீச் பழக் கொட்டையும் கொட்டை ஓடும் கேட்டு வாங்கி எரித்தார்கள். அந்த வேலைக்குக் கொட்டாங்குச்சி அத்தனை பொருத்தம். அதன் நுண்துளைகள் வாயு மூலக்கூறுக்கு அளவெடுத்தது போல இருக்கும். இன்றைக்கும் தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கப்பலில் போகும் கரி எத்தனையோ நாட்டு ஃபில்டர்களுக்குள் இருக்கிறது. அந்தப் பெருமையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நாற்றத்துக்கு, பெயின்ட் வாடைக்கு என்று எழுதி விற்றால் நானும் ஒன்று வாங்குவேன்.

நான் மருத்துவமனை லேப் டெக்னீசியன். மார்க்கக் கடமையாக தாடி வைத்திருக்கிறேன், எடுக்க மாட்டேன். பி-100 ஃபில்டர் உள்ள ரப்பர் மாஸ்க் வாங்கினால் என்-95ஐவிடப் பாதுகாப்புதானே?
— வாசகர், மேலப்பாளையம்

ஃபில்டர் எவ்வளவு உயர்ந்ததானாலும் காற்று எளிய வழியில்தான் நுழையும் பாய். ரப்பர் விளிம்புக்குக் கீழே முடி இருந்தால், காற்று டப்பாவைச் சுற்றிக்கொண்டு அந்த இடுக்கு வழியாக வரும். இரண்டு நாள் சவரம் செய்யாத முகத்தோடு வந்தவர்களையே நான் டேங்குக்குள் இறங்க விட்டதில்லை, அதற்காக வாங்கிய திட்டும் கொஞ்சமில்லை. உங்களுக்கு ஏற்றது, மோட்டார் வைத்து வடிகட்டிய காற்றைத் தலைமூடிக்குள் ஊதும் கருவி. முகத்தோடு இறுக்கமாகப் பொருந்த வேண்டிய தேவை அதற்கு இல்லை. விலை அதிகம், ஆகவே நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள். கொரோனா காலத்தில் பிரிட்டனில் சீக்கிய மருத்துவர்கள் தாடியை ரப்பர் பட்டையால் மூடிக் கட்டி அதன்மேல் மாஸ்க் போடும் முறையைக் கையாண்டார்கள். சிங் தாட்டா என்று பெயர். அதில் சோதனை தேறியவர்கள் உண்டு. நீங்கள் செய்தாலும், மாஸ்க்கைச் சுற்றி சாக்கரின் என்ற இனிப்புப் பொருளின் கரைசலைத் தெளித்துச் சோதித்துப் பாருங்கள். உள்ளே இனிப்புத் தெரிந்தால் கசிகிறது.

எங்கள் வார்டில் என்-95 தீர்ந்துபோகும்போதெல்லாம் தவிக்கிறோம். கழுவித் திரும்பப் போடும் ரப்பர் மாஸ்க்கை மருத்துவமனையில் எங்காவது பயன்படுத்துகிறார்களா? அதன் ஃபில்டரில் சானிடைசர் அடிக்கலாமா?
— செவிலியர், மதுரை

பயன்படுத்துகிறார்கள். டெக்சஸில் சான் அன்டோனியோ நகரத்து டி.பி. மருத்துவமனை ஒன்றில் பல ஆண்டுகளாக ஊழியர்களுக்கு அரைமுக ரப்பர் மாஸ்க்தான். பேச்சு சரியாகக் கேட்காது, நோயாளிகள் இரண்டு முறை கேட்பார்கள். மூச்சு விடும் வால்வு வழியாக உங்கள் மூச்சு வடிகட்டாமலே வெளியே போகும் என்பதையும் மனத்தில் வையுங்கள். உங்களுக்கே இருமல் காய்ச்சல் என்றால் அதைப் போட்டுக்கொண்டு பணிக்கு வரக் கூடாது.

சானிடைசர் வேண்டவே வேண்டாம். என்-95 உட்படப் பெரும்பாலான துகள் ஃபில்டர்களின் இழையில் நிலைமின்னூட்டம் ஏற்றியிருக்கிறார்கள். ஆல்கஹால் பட்டால் அது போய்விடும். பார்வைக்கு மாஸ்க் புதிதாகவே இருக்கும், பிடிக்கும் திறன் சரிந்திருக்கும். ரப்பர் பகுதியை ஃபில்டரைக் கழற்றிவிட்டு சோப்புத் தண்ணீரில் கழுவலாம். பிளாஸ்டிக் கூடுக்குள் அடைத்த ஃபில்டர் என்றால் கூட்டின் வெளிப்புறத்தை மட்டும் ஈரத்துணியால் துடையுங்கள், காற்று நுழையும் வாயில் நீர் படக் கூடாது. மூச்சு இழுக்கக் கடினமாகும்போதும், கூடு விரிசல் விட்டாலும், ஈரமானாலும் மாற்றிவிடுங்கள்.